தம்பியின் தலையில் வைக்காத கை

ஜெசிந்தா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்குள் முப்பது நாற்பது பேர் நின்றிருப்போம். பின்னேரம். கடற்காற்று யன்னல் வழியாக வந்து மெழுகுதிரிகளை நிற்க விடவில்லை. கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் ஒன்றைக் கொளுத்த மற்றது அணைந்தது. புனிதரின் சுரூபத்துக்கு முன்னால் ஜெசிந்தாவின் தம்பி நின்றான். நாலு வயது. வாயில் பாதி பிஸ்கட். அவனுடைய தோளைப் பிடித்தபடி செபஸ்தியன் சம்மாட்டி, வள்ளங்களுக்கும் எரிந்துபோன கருவாட்டு வாடிக்கும் சொந்தக்காரர்.

"வை கைய," என்றார் சம்மாட்டி. "தம்பிட தலையில வச்சு, வாடிக்கு நான் நெருப்பு வைக்கல்ல எண்டு ஒரு வார்த்த சொல்லு. சொன்னியெண்டா நாளைக்கே பொலிசுக்குப் போய் முறைப்பாட்டத் திருப்பி எடுக்கிறன். இந்தச் சுரூபம் சாட்சி."

ஜெசிந்தா தம்பியைப் பார்த்தாள். சுரூபத்தைப் பார்க்கவில்லை.

"மாட்டன்," என்றாள்.

கோயிலுக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது, வலையை மணலில் போட்டால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஒரு பெண் குரல். பிள்ளையின் தாய் எமில்டா நின்ற இடத்திலேயே தரையில் குந்திவிட்டாள். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிஸ்கட்டைத் தின்று முடித்தான்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது நான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

சட்டம் படிக்காதவளுக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை?

இப்படித்தான் ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். உப்பளத்தில் என் வாப்பா வேலை செய்த காலத்தைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு வந்த கடிதம். கோபமில்லை, நியாயமான கேள்வி.

போர் முடிந்து சில ஆண்டுகளான காலம். புத்தளத்தில் ஒரு சின்ன இலவசச் சட்ட உதவி அலுவலகம் இருந்தது. மூன்று கதிரை, ஒரு அலுமாரி, ஓடினால் சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. சட்டத்தரணி பெனடிக்ட் சிலாபத்திலிருந்து கிழமையில் மூன்று நாள் வருவார். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கதைப்பார். என்னை 'ஹாஜரா நங்கி' என்பார். தங்கச்சி என்பதைத்தான் சிலாபத்துக்காரர் அப்படிச் சொல்வார்கள்.

நான் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். சிங்களத்தை பஸ்ஸில் படித்தேன், சட்டத்தை அவருடைய பழைய புத்தகங்களில் படித்தேன், மனிதர்களை அவர்களுடைய வாயிலிருந்து படித்தேன். யார் நல்ல சொல்லொன்று சொன்னாலும் கொப்பியில் எழுதிக்கொள்கிற வியாதி எனக்கு அப்போதே இருந்தது.

வேலை இதுதான். ஒரு பிள்ளை மீது வழக்கு வந்தால் சட்டத்தரணி சட்டத்தைப் பார்ப்பார், நான் பிள்ளையைப் பார்ப்பேன். வீட்டுக்குப் போவேன். எங்கே படுக்கிறாள், யார் சோறு போடுகிறார்கள், பள்ளிக்கூடம் எப்போது நின்றது, ஏன் நின்றது. ஐந்தாறு பக்கம் எழுதுவேன். நீதவான் வழக்கேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

நன்னடத்தை அலுவலர் என்று அரசாங்கத்தில் ஒருவர் இருக்கிறாரே என்பீர்கள். ஓம், அவரும் அறிக்கை எழுதுவார். அவர் நீதிமன்றத்தின் ஆள். நான் பிள்ளையின் பக்கத்து ஆள். இந்த ஒரு வித்தியாசம் எனக்கு வாயால் சொல்ல வந்தது. காலால் நடக்க வரவில்லை. அதுதான் இந்தக் கதை.

பெனடிக்ட் ஐயா முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார்.

"ஒண்டு, செஞ்சியா எண்டு பிள்ளையிட்டக் கேக்காத. தெரிஞ்சிட்டா உன்ட முகம் மறைக்காது நங்கி. ரெண்டு, எனக்குத் தெரியாம பிள்ளைய ஒருத்தருக்கு முன்னாலயும் நிப்பாட்டாத."

முதலாவதைக் காப்பாற்றினேன்.

எரிந்த வாடி

பிள்ளையின் பெயரையும் மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊர் பள்ளிவாசல்துறைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செபஸ்தியன் சம்மாட்டிக்கு இரண்டு வள்ளமும் கரையில் ஒரு கருவாட்டு வாடியும் இருந்தன. ஓலை வாடி. எமில்டா அங்கே மீன் வெட்டுகிறவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜெசிந்தாவும் தாயோடு குந்துவாள். பதினைந்து வயது. தகப்பன் மீன் சீசனுக்கு வேறு கரைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார்.

ஒரு நாள் காலையில் எமில்டா வெட்டிய மீனில் உப்பு பிடிக்கவில்லை என்று சம்மாட்டி எல்லாருக்கும் முன்னால் ஏசினார். வெறும் ஏச்சில்லை. புருஷன் ஏன் விட்டுட்டுப் போனான் என்று இப்பத்தான் விளங்குது என்றாராம். அன்று பொழுது சாயும் நேரத்தில் வாடி எரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தலும் வலையும் கருவாடும் சாம்பல்.

கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஜெசிந்தா அந்தப் பக்கம் போனதைக் கண்டதாகப் பேச்சு. அவள் கடைக்குப் போய் விளக்குக்கு எண்ணெய் வாங்கி வந்ததும் உண்மை. கடைக்கு வேறு பாதை இருந்ததும் உண்மை.

சம்மாட்டி பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். பிள்ளையை நீதிமன்றம் பிணையில் தாயின் பொறுப்பில் விட்டிருந்தது. வழக்கு தீர்ந்தால் என்னவாகும் என்பதில்தான் எல்லாருடைய நெஞ்சும் கிடந்தது. தூரத்தில் பெண்பிள்ளைகளைத் திருத்துகிற ஒரு பாடசாலை இருக்கிறது. அங்கே அனுப்பினால் மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் தம்பியை யார் பார்ப்பது? தாய் விடியும் முன் கரைக்குப் போகிறவள். அவனைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நித்திரையாக்குவது எல்லாம் ஜெசிந்தா. அவன் பசித்தால் 'அம்மா' என்று அழமாட்டான், 'அக்கா' என்றுதான் அழுவான்.

சைக்கிள் கதை

நான் ஏன் கோயிலுக்குச் சம்மதித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒருவருடைய சைக்கிள் காணாமல் போனது. வாப்பாவோடு உப்பளத்தில் வேலை செய்த ஒருவர் மீது பழி. பொலிசுக்குப் போகவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் எல்லாரும் இருக்க, அந்த மனிதர் குர்ஆனைத் தொட்டு "நான் எடுக்கல்ல" என்றார். முடிந்தது. சைக்கிள்காரரே எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு இருவரும் ஒரே கடையில் பிளேன்டீ குடித்ததை நான் பார்த்தேன். சைக்கிள் கிடைக்கவேயில்லை. அதை யாரும் பிறகு தேடவுமில்லை.

வாப்பா சொன்னார்: "மகள், கோர்ட்டுல வெண்டவன் தோத்தான், தோத்தவன் செத்தான். இங்க பாருங்க, ரெண்டு பேரும் டீ குடிக்கிறாங்க."

அந்த இரண்டு பிளேன்டீயும் என் தலைக்குள் இருந்தன.

ஆகவே சம்மாட்டி என்னிடம் வந்து, "மிஸ், பிள்ள கோயில்ல சத்தியம் பண்ணட்டும், நான் விட்டுர்றன்" என்றபோது என் மனம் குளிர்ந்துபோனது. பங்குச் சாமியார் இதற்கெல்லாம் சம்மதிக்கமாட்டார் என்று சாமியார் இல்லாத நாளைப் பார்த்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எமில்டாவிடம் கேட்டேன், சரி என்றாள். மூப்பரிடம் கேட்டேன், சரி என்றார்.

ஜெசிந்தாவிடம் கேட்கவில்லை. போகும் வழியில்தான் சொன்னேன். "வேதப்புத்தகத்துல கை வச்சு ஒரு வார்த்த சொன்னாப் போதும் புள்ள" என்றேன். தம்பியின் தலை என்பது எனக்கே தெரியாது. அதை உள்ளே போன பிறகுதான் சம்மாட்டி கொண்டுவந்தார். புத்தகத்தில் கை வைத்து யாரும் பொய் சொல்லலாம், கூடப்பிறந்தவனின் தலையில் சொல்லேலாது என்றார். ஊரும் ஓம் என்றது.

நாற்பது சாட்சி

மறுநாள் பெனடிக்ட் ஐயாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. பாண் துண்டைத் தேநீரில் தோய்த்தவர் அதை மறந்துவிட்டார். பாண் கரைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"நங்கி, அவங்களிட்ட ஒரு சாட்சியும் இருக்கல்ல. போத்தலக் கண்டன் எண்டவன் கூட கோர்ட்டுக்கு வரமாட்டன் எண்டான். நீ போய் நாப்பது சாட்சி செஞ்சு குடுத்துட்டு வந்திருக்க."

"ஐயா, நான் நல்லதுக்கு…"

"நல்லதுக்குத்தான். உன்னப் போல ரெண்டு நல்லவங்க இருந்தா எதிர்த்தரப்புக்கு லோயரே தேவையில்ல."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். வெட்டியவள் பிறகு அந்த ஊருக்குள் எப்படிப் போவாள் என்று அந்தப் பழமொழியில் இல்லை.

கிணற்றடியில்

அந்தக் கிழமையே ஊருக்குப் போனேன். ஜெசிந்தா கிணற்றடியில் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். நியாயம்தான். நானே வாளியை எடுத்து ஊற்றினேன். அவள் சவர்க்காரம் போட்டாள். பையன் இரண்டு பேரையும் நனைத்தான்.

"கோவமா புள்ள?"

"உங்களோடயா? இல்ல மிஸ். நீங்க வெளியாள். உங்களுக்கென்ன தெரியும்."

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் சத்தியம் பண்ணல்ல?" என்றேன். செய்தாயா என்று கேட்கவில்லை. இதைக் கேட்கலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

அவள் தம்பியின் தலையைத் துவாயால் அழுத்தித் துடைத்தாள். "ஆ அக்கா, நோவுது" என்றான் அவன்.

"நான் செஞ்சிருந்தாலும் செய்யாட்டியும், இவன்ட தல என்ட சாமான் இல்லயே மிஸ், நான் பணயம் வைக்க."

கொப்பி என் பையில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வசனத்தை நான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். செய்யாத பிள்ளை சொல்கிற பேச்சா? அப்படியும் இருக்கலாம். செய்த பிள்ளை சொல்கிற பேச்சா? அப்படியும் இருக்கலாம். செய்தவள் பயந்து கையை எடுத்தாளா? பயந்தவள் என்றால் ஊருக்கு முன்னால் அப்படி நிமிர்ந்து நின்றிருப்பாளா? பொய்யே சொல்லிப் பழகியவள் யோசிக்காமல் கையை வைத்துவிட்டுப் போயிருப்பாளே. அப்படியானால் இவள் உண்மையானவள். உண்மையானவள் நெருப்பு வைக்கமாட்டாள் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எமில்டா பஸ் வரைக்கும் கூட வந்தாள். கேட்கக்கூடாதுதான், கேட்டேன்: "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மீன் வெட்டிக் காய்த்த விரல்களால் முந்தானையைப் பிசைந்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியாது மிஸ். சோறு ஊட்டுற கை நெருப்பு வைக்காது எண்டு சொல்ல ஏலுமா? அவளுக்கு என்னில உசிர். அந்த ஆள் அண்டைக்கு என்னச் சொன்ன பேச்ச அவளும் கேட்டுட்டுத்தான் நிண்டாள்."

பெற்றவளுக்கே தெரியவில்லை. நான் எந்த மூலைக்கு?

அன்றிரவு கோயிலில் நடந்ததையும் கிணற்றடியில் அவள் சொன்னதையும் என் அறிக்கையில் ஒரு பக்கமாக எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். பெனடிக்ட் ஐயா முடிவாகச் சொல்லிவிட்டார்: கோயில் கதை அறிக்கையில் வரக்கூடாது. பிள்ளை உன்னிடம் சொன்னது உன்னோடு இருக்கட்டும். அதில் 'செஞ்சிருந்தாலும்' என்ற பாதியை மட்டும் அவர்கள் பிடித்துக்கொண்டால் போச்சு. அவர் சொன்னது சரி. அந்தப் பக்கம் இல்லாத அறிக்கையில் ஜெசிந்தாவும் இல்லை. அதுவும் சரி. இரண்டு சரிக்கு நடுவில் ஒரு மனிசி எப்படித் தூங்குவாள்?

நீதவானின் அறை

பிள்ளைகளின் வழக்கை வெளி மன்றில் எடுக்கமாட்டார்கள். நீதவானின் அறையில் மேசையைச் சுற்றி இருந்தோம். நீதவான் ஒரு அம்மா. தமிழ் விளங்கும், கதைக்கும்போது சிங்களம் கலக்கும்.

நாங்கள் பயந்தபடியே முறைப்பாட்டுப் பக்கத்திலிருந்து கோயில் கதை வந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது, பிள்ளை சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள், இதற்குமேல் என்ன வேண்டும் என்றார்கள்.

நீதவான் என் அறிக்கையைப் புரட்டினார். "இதில அப்படி ஒண்டும் இல்லயே. நீங்கதானே கூட்டிட்டுப் போனது?"

"ஓம் அம்மா."

"ஏன் மறுத்தா எண்டு பிள்ளையிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

பெனடிக்ட் ஐயா எழுந்தார். இவர் எங்கள் தரப்பு ஆள், பிள்ளை இவரிடம் சொன்னதைக் கேட்கக்கூடாது என்றார். நீதவான் அவரை இருக்கச் சொல்லவுமில்லை, என்னை விடவுமில்லை. என்னையே பார்த்தார்.

சொன்னால் பிள்ளை தப்பலாம். சொன்னால் பிள்ளை மாட்டலாம். ஒருமுறை அவளைக் கேட்காமல் அவளுக்கு நல்லது செய்யப் போய்த்தான் இவ்வளவும்.

"சொல்லமாட்டேன் அம்மா," என்றேன். "அது அவட பேச்சு. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனது மட்டும் என்ட பிழை. அத எழுதிக்கொள்ளுங்க."

"அப்ப நான் சொல்லவா?" என்றது ஒரு குரல்.

ஜெசிந்தா. பெனடிக்ட் ஐயா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் அவரைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் சொன்னதை அப்படியே சொன்னாள், இரண்டு பாதியையும். பிறகு எனக்குச் சொல்லாத ஒன்றையும் சேர்த்தாள்:

"சம்மாட்டிட மகள் என்னோடதான் படிக்கிறாள். நான் குத்தவாளி எண்டு அவளிட தலையில கை வச்சு அவர் சொல்லட்டும். நான் நீங்க சொல்ற எடத்துக்குப் போறன்."

சம்மாட்டி அறையில்தான் இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே கதிரையில் அசைந்தார். "நான் கண்ணால காணல்ல அம்மா," என்றார் மெதுவாக. "சனம் சொன்னதுதான்."

நீதவான் நெடுநேரம் எழுதினார். தீர்ப்பு இப்படி வந்தது: பிள்ளை தாயோடு வீட்டில் இருக்கலாம். ஒரு வருடம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு. அதற்குள் வேறு முறைப்பாடு வராவிட்டால் வழக்கு முடிந்தது. செய்தாள் என்றும் எழுதவில்லை, செய்யவில்லை என்றும் எழுதவில்லை.

வெளியில் வந்ததும் எமில்டா என் கையைப் பிடித்து அழுதாள். சம்மாட்டி வேப்பமரத்தடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், எனக்கும் மூணு பிள்ளைகள். அவள் சொன்னதும் என்ட கை விறைச்சுப் போச்சு." மரத்தில் சாய்ந்துகொண்டு, "அதுக்காக அவள் நெருப்பு வைக்கல்ல எண்டு ஆகுமா?" என்றார்.

ஆகாதுதான்.

பெனடிக்ட் ஐயா மட்டும் சிரித்தார். "நங்கி, இண்டைக்கு என்ட பேச்ச ஒருத்தரும் கேக்கல்ல. அதாலதான் வெண்டம்."

கடைசி வருகை

வெற்றி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்தக் கரையில் எமில்டாவை யாரும் மீன் வெட்டக் கூப்பிடவில்லை. நீதிமன்றம் எந்த வீட்டில் இருக்கலாம் என்று பிள்ளையை அனுப்பியதோ, அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாதத்துக்குள் மூவரும் சிலாபத்துப் பக்கம் எமில்டாவின் தங்கை வீட்டோடு போய்விட்டார்கள். ஊரே கூடுகிற தலவிலக் கோயில் திருநாளுக்குக்கூட அந்த வருடம் அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை.

நான் மாதம் ஒருமுறை போனேன். என்னைப் போகச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. ஜெசிந்தா புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக் கீழே சேர்ந்திருந்தாள். எமில்டாவுக்குத் தென்னந்தும்பு ஆலையில் வேலை. அங்கே யாருக்கும் இவர்களுடைய கதை தெரியாது.

வருடம் முடிந்த கிழமை கடைசி முறையாகப் போனேன். தாய் வேலைக்குப் போயிருந்தாள். ஜெசிந்தா தேநீர் ஊற்றித் தந்துவிட்டு எனக்கு எதிரே குந்தினாள். உயர்ந்திருந்தாள், குரலும் கொஞ்சம் மாறியிருந்தது.

"கேஸ் முடிஞ்சுதா மிஸ்?"

"முடிஞ்சுது."

"இனி ஒருத்தரும் அத எடுக்கேலாதா?"

"ஏலாது."

"அப்ப நான் இனி என்ன சொன்னாலும் ஒண்டும் இல்ல."

"ஒண்டும் இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப கேளுங்க," என்றாள்.

ஒரு வருடமாக என் நெஞ்சுக்குள் கிடந்த கேள்வி. ஓம் என்று வந்தால் நான் என்ன செய்வேன்? இல்லை என்று வந்தால், இவ்வளவு நாளும் சந்தேகப்பட்டதற்கு எந்த முகத்தோடு இருப்பேன்? அவள் சொல்ல விரும்பிக் கேட்கச் சொல்கிறாளா, எனக்குக் கடன்பட்டதாக நினைத்துச் சொல்கிறாளா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. தேநீரில் சீனி கூடியிருந்தது. அதைக் குடித்து முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"தம்பி பள்ளிக்கூடத்துல சேந்துட்டானா?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள், கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு.

"சேந்துட்டான் மிஸ்," என்றாள். "முதல் நாள் முழுக்க வாசல்ல குந்தி அழுதவன். நான்தான் பக்கத்துல இருந்தன்."